தேறுமா

தேறவில்லை என்று எழுதிய தாளை
மூன்றாவது முறையாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
ஹாலிஃபாக்ஸ் மழையில் நடந்தே திரும்பிய நாளில்தான்
அந்த வெள்ளை வாளியை வாங்கினேன்.
இருபத்து மூன்று லிட்டர். மூடியில் ஓட்டை.
உடைசலா என்றேன்.
மூச்சு விட வேண்டாமா என்றார் கடைக்காரர்.

முதல் வாளி புளித்தது.
புளிப்புக்குப் பயந்த நாக்கு இல்லை,
தோசை மாவோடு வளர்ந்தது.
ஆனால் இது
வினிகரில் ஊறப்போட்ட காலுறை.
குளியல் தொட்டியில் கொட்டினேன்.
இரண்டு நாள் ஏப்பம் விட்டது குழாய்.

வியாழன் இரவு, சலவைக் கடையின் பின்னறை.
நான்கு பேர்,
ஆளுக்கொரு பெயரில்லாத பாட்டில்.
என்னுடையதை முகர்ந்தாள் நொரீன்,
குழாய் வேலை செய்கிறவள்.
கரண்டியை எதில் கழுவினாய்?
கழுவவில்லை, துடைத்தேன்.
எதில்?
சட்டையில்.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சேர்ந்து, வெகுநேரம்.

அன்று நோட்டில் எழுதிக்கொண்டது:
இருபது டிகிரியைத் தாண்டாதே (வோய்டெக்).
பதினெட்டு (இமோஜென்).
திறந்து திறந்து பார்க்காதே,
பார்க்கும்போதெல்லாம்
ஒரு ஊரையே உள்ளே விடுகிறாய் (நொரீன்).
கடைசிவரை வாயைத் திறக்காத டெஸ்மண்ட்
கோட்டு மாட்டும்போது சொன்னது:
இந்த மலைத் தண்ணீர் ரொம்ப மென்மை,
ஒரு சிட்டிகை ஜிப்சம் போடு.
சிட்டிகை என்றால் எவ்வளவு?
தன் விரலைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார்.
அரை டீஸ்பூன் என்றார்.

மால்ட் கொதிக்கையில்
வீடு முழுக்க ஹார்லிக்ஸ்.
ஹாப்ஸ் விழுந்ததும் மணம் திரும்பியது:
வெட்டிய புல், ஆரஞ்சுத் தோல்,
அடியில் வேப்பம்பூவின் சாயலாய் ஒரு கசப்பு.
பால் பொங்கினால் நல்லது என்பார்கள்.
இது பொங்கினால்
அடுப்பைச் சுரண்ட ஒரு மணி நேரம்.

கைகளைக் கழுவினேன். கரண்டியை. மூடியை.
கழுவிய கையை மறுபடி கழுவினேன்.
அறுவை அறைக்குப் போகிறவளைப் போல
கதவை முழங்கையால் தள்ளி
பதினோரு கிராம் பழுப்புத் தூளைத் தூவினேன்.

பாய்லர் அலமாரியில், துவாலைகளுக்குக் கீழே, வாளி.
முதல் நாள் சத்தமில்லை.
மறுநாளும்.
இரவு மூன்று மணிக்கு
குளுக்.
யாரோ தொண்டையைச் செருமுவது போல.
இருட்டில் துவாலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு
அடுத்ததற்குக் காத்திருந்தேன்.
குளுக்.
தனியாக வசிக்கிறேன் என்று
அந்த வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

ஆயிரத்து நாற்பத்தெட்டில் மிதந்த கண்ணாடிக் குச்சி
ஆயிரத்துப் பதினொன்றுக்கு இறங்கியது.
இனிப்பு இல்லாமல் போவதை
எண்ணிச் சொல்ல ஒரு கருவி.

இன்னும் கலங்கலாக இருக்கிறதே என்றான் வோய்டெக்.
இதற்கு உன் மொழியில் சொல் உண்டா, மண்டி தங்கித் தெளிவதற்கு?
உண்டு. தேறுவது.
தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர், மிகப் பழைய பெயர்.
காய்ச்சலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தால்
அதற்கும் அதே சொல்தான்.
வேறு எதற்கெல்லாம் என்று கேட்டான்.
இவ்வளவுதான் என்றேன்.
பையில் நான்காவது தாள் இருந்தது,
செவ்வாய்க்கிழமை கொடுத்தது.

பாட்டிலில் அடைத்து மூன்று வாரம்.
திறந்ததும் நுரை பாய்ந்து
நொரீனின் கைப்பட்டை நனைந்தது.
டெஸ்மண்ட் கோப்பையைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தார்.
விளக்கு தெரிந்தது, கொஞ்சம் மங்கலாக.
குடித்தார். உதட்டைத் துடைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
காலிக் கோப்பையை என் பக்கம் நீட்டினார்.

இரவு பத்தரை. மழை.
அவர்கள் நால்வருக்கும் லைசென்ஸ் உண்டு.
நால்வரும் என்னோடு
பஸ்ஸுக்கு நின்றார்கள்.